நாலாம் எண் கண்ணாடி

போன மாதம், பேத்தி கல்யாணப் பத்திரிகை கொடுப்பதற்காக நான் வேலை பார்த்த பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மேசைமேல் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி கிடந்தது. விரிசல் விட்ட சுவரில் இதை ஒட்டிவிட்டால், விரிசல் ஒரு தலைமயிர் அளவு விரிந்தாலும் இவர்கள் போனுக்குச் செய்தி வந்துவிடுமாம். "உங்க காலத்துல என்ன சார் பண்ணுவீங்க?" என்று இப்போது என் நாற்காலியில் இருக்கிற பெண் கேட்டாள்.

"கண்ணாடி ஒட்டுவோம்" என்றேன்.

"கண்ணாடியா? விரிசல் முகம் பாத்துக்கிடவா?"

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஜனங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவதை ஒரு நோட்டில் எழுதிவைப்பது என் நெடுநாள் பழக்கம். பஸ்ஸில் இதையும் எழுதிக்கொண்டேன். எழுதும்போதே சந்தியாகு நினைவுக்கு வந்துவிட்டார். அவரைப் பற்றிச் சொல்லாமல் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல முடியாது.

எனக்குச் சொந்த ஊர் தாமிரபரணித் தண்ணீரில் நெல் விளையும் ஊர்களில் ஒன்று. பள்ளிக்கூடம் முடித்ததும் வயலுக்குப் போக மனமில்லாமல் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன். புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. நேராகக் கோடு போடத் தெரிந்தவனுக்கு எங்கேயாவது ஒரு ஸ்டூல் கிடைக்கும். ஒரு தனியார் இன்ஜினியர் அலுவலகத்தில், பெரியவர்கள் வரைந்த படத்தின்மேல் தாளை வைத்து அப்படியே நகல் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். வருஷக்கணக்கில் அதுதான். பட்டமெல்லாம் இல்லை. அலமாரியில் இருந்த புத்தகங்களை அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். எழுபதுகளின் நடுவில் அளவெடுக்க வெளியே அனுப்பும் அளவுக்கு வந்திருந்தேன்.

எங்கள் இன்ஜினியர் மீரான் சார் காயல்பட்டினத்துக்காரர். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். ஆனால் அதை விரித்துப் பார்த்தவர்கள் குறைவு. குடைக் காம்பால் சுவரைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். டாக்டர் முதுகைத் தட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்களையெல்லாம் 'நீரு, வாரும்' என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் 'நீங்க, வாங்க' என்று மாறிவிடும். மரியாதை கூடினால் அலுவலகமே நடுங்கும்.

ஒரு தை மாதக் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு திருச்செந்தூர் போகும் வழியில் ஒரு கடற்கரை ஊருக்குப் போனார். அங்கே ஒரு பழைய மாதா கோயில். அதன் கோபுரத்தில் விரிசல். செப்டம்பர் திருவிழாவில் ஆயிரக்கணக்கான ஜனம் அந்தக் கோபுரத்தின் அடியில்தான் நிற்கும். 'பயமில்லை என்று இன்ஜினியர் எழுதிக்கொடுத்தால் கோபுரம் இருக்கட்டும். இல்லையென்றால் திருவிழாவுக்கு முன் மேல்பாதியை இறக்கிவிடுங்கள்' என்று பங்குச் சாமியாருக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

கோத்திக் பாணி என்று புத்தகத்தில் படித்திருந்தேனே தவிர, அதற்குள் கால் வைத்தது அன்றுதான். நம் கோயில்கள் உள்ளே போகப் போக இருட்டும். இது உள்ளே போகப் போக உயர்ந்தது. கூம்பிய வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன, விரல்நுனி சேர்த்துக் கும்பிடுகிற கைகள் மாதிரி. வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் தரையில் சிவப்பும் நீலமுமாக விழுந்து கிடந்தது.

"என்னவே, வாயப் பொளந்துட்டு நிக்கீரு?" என்றார் மீரான் சார். "மேல இருந்து வார பாரத்த இந்த வளைவு ரெண்டு தோளுக்கும் பிரிச்சுக் குடுக்கு. தோள் வெளிப்பக்கம் சரியாம இருக்கத்தான் அந்த முட்டுச்சுவர். ஒருத்தன் கைய ஒருத்தன் பிடிச்சு நிக்கிற மாதிரி. ஒருத்தன் விட்டாலும் எல்லாரும் உக்காந்திருவாங்க."

"அப்ப விரிசல் சார்?"

"எவனோ கைய விடப் பாக்கான். எவன்னு கண்டுபிடிக்கணும்."

சந்தியாகு அங்கே கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பெருக்குவது, பூட்டுவது எல்லாம் அவர்தான். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், ஆனால் மணிக்கயிறு இழுத்து இழுத்து முன்னங்கை மட்டும் முறுக்கேறியிருக்கும். கோயிலின் கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். முதலில் ஓலைக்கூரைதானாம். பிறகு வந்த வெள்ளைக்காரச் சாமியார் தன் ஊர்க் கோயிலை நினைத்துப் படம் போட்டாராம். தீவுகளிலிருந்து பாறைக்கல் தோணியில் வந்து இறங்கியது. சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள்.

"பூசைக்கு வாரவ கையில ஒரு கல்லு கொண்டு வரணும் அண்ணாச்சி. கல்லு இல்லாம வந்தவள எங்க பாட்டன் வாசல்லயே மறிச்சிருவாராம். 'ஏளா, மாதாவுக்கு வீடு கட்டுதோம், வெறுங்கைய வீசிட்டு வாரியே'ன்னு."

விரிசல் கோபுரத்தின் இரண்டாம் தட்டில், படிக்கட்டை ஒட்டிய சுவரில் மேலிருந்து கீழாக ஓடியது. விரல்நகம் நுழையும். மீரான் சார் அதைக் குடையால் தட்டவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார். "இது தூங்குதா, முழிச்சிருக்கான்னு தெரியணும். தூங்குற விரிசலால ஆபத்தில்ல. நூறு வருசம் தூங்கும்."

அதைத் தெரிந்துகொள்ளத்தான் கண்ணாடி. சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிக் கல்லைத் தெரியவைக்கவேண்டும். கல்லை நனைக்கவேண்டும். விரிசலுக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவைக் குழைத்து ஒரு அப்பு வைத்து, சுண்டுவிரல் நீளத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலின் குறுக்கே பாலம் மாதிரி பதிக்கவேண்டும். விரிசல் அசைந்தால் கண்ணாடி தாங்காது, உடைந்துவிடும். முழுசாக இருந்தால் விரிசல் தூங்குகிறது என்று அர்த்தம். மேலிருந்து கீழாக ஏழு கண்ணாடி பதித்து, மாவின்மேல் இந்தியன் மையால் எண்ணும் தேதியும் எழுதினேன். நோட்டில் ஒவ்வொரு கண்ணாடிக்கும் இரண்டு கட்டம்: கண்ணால் பார்த்தது, விரலால் தொட்டது. மயிரிழையாக உடைந்த கண்ணாடி கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும் என்பது சார் கணக்கு. பதினைந்து நாளுக்கு ஒரு முறை நான் வந்து பார்க்கவேண்டும். ஆறு மாதம்வரை ஏழு கண்ணாடியும் முழுசாக இருந்தால் கையெழுத்துப் போடுவதாகச் சாமியாரிடம் சொன்னார்.

மிச்சமிருந்த ஆறு கண்ணாடித் துண்டையும் மாவையும் ஒரு தகரடப்பாவில் போட்டுச் சந்தியாகுவிடம் கொடுத்தேன். "இத பத்திரமா வச்சுக்கிடுங்க. சுவத்துல இருக்க கண்ணாடி உடையாமயும் பாத்துக்கிடுங்க" என்றேன். உடைகிறதா என்று பார்ப்பதற்காகவே ஒட்டியிருக்கிறோம் என்பதை நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸுக்கு நிற்கையில் தொம்மை என்கிற சங்கு குளிப்பவர் வந்து பேச்சுக் கொடுத்தார். கண் எப்போதும் சிவந்திருக்கும் ஆள். "இடிச்சிருவியளோ?" என்று நேராகக் கேட்டார்.

"பாக்கத்தான் வந்திருக்கோம்."

"கோபுரத்துச் சிலுவையும் பின்னால உள்ள பனங்கூட்டமும் ஒண்ணுக்குமேல ஒண்ணு வந்தா, அடியில சங்கு கெடக்குத எடம், சங்குப்பார் இருக்குன்னு அர்த்தம். எங்க அப்பனும் அப்பிடித்தான் முங்குனான். கோபுரத்த எடுத்துட்டா கண்ணக் கட்டிக் கடல்ல விட்ட மாதிரி பாத்துக்கிடுங்க."

அதன் பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்வந்தேன். ஏழும் முழுசு, ஏழும் முழுசு என்று எழுதினேன். இடைப்பட்ட நாட்களில் கோபுரத்தை அளந்து படம் போட்டேன், சாமியார் பீரோவில் கிடைத்த பழைய படத்தையும் நகல் எடுத்தேன். துணியில் வரைந்தது, அந்த வெள்ளைக்காரச் சாமியார் கையால் போட்டது. கோடு ஒவ்வொன்றும் அத்தனை நிதானம். நகல் எடுக்கிறவனுக்குத்தான் தெரியும், போட்டவர் எங்கே மூச்சுப் பிடித்தார், எங்கே விட்டார் என்று.

ஏப்ரலில் கோயிலுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தார்கள். ஏணியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கீழிருந்து மூன்று கண்ணாடிக்குமேல் ஏணியில்லாமல் கை எட்டாது. ஒன்று முதல் நாலு வரை மேலே. கீழே உள்ளதைத் தொட்டேன், மேலே உள்ளதை டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாம் முழுசாகத்தான் தெரிந்தது. நோட்டில் 'தொட்டது' என்ற கட்டத்தில் ஏழுக்கும் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒரு முறையல்ல. வெள்ளையடிப்பு முடியும்வரை ஒவ்வொரு முறையும்.

ஆறு மாதம் முடிகிற கடைசிப் பார்வைக்கு ஜூலையில் போனேன். ஏணி திரும்பி வந்திருந்தது. ஏறினேன். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் சரி. மாவு கடல்காற்றில் பழுப்பேறி, மை மங்கியிருந்தது. நாலாம் எண்ணைத் தொட்டேன். கண்ணாடி முழுசு. ஆனால் மாவு புதுப்பல் மாதிரி வெள்ளை. அதன்மேல் என் தை மாதத் தேதி பளிச்சென்று கறுப்பாக இருந்தது. என் கையெழுத்து மாதிரிதான் இருந்தது. ஆனால் என் கையெழுத்து இல்லை.

இறங்கிவந்து தகரடப்பாவைத் திறந்தேன். ஆறு துண்டு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று கிடந்தது.

சந்தியாகு பீடத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். கேட்டேன். ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

"ஆமா அண்ணாச்சி, அது உடஞ்சிபோச்சு. நீங்க உடையாமப் பாத்துக்கிடச் சொல்லிட்டுப் போனீய. நான் பாக்கலயேன்னு மனசுக்குச் சங்கடமா இருந்துச்சு. கோயிலுக்குள்ள உடஞ்ச பொருள் இருக்கப்பிடாது. ஒரு மெழுகுத்தண்டு வாய் சில்லு போனாக்கூட அன்னைக்கே மாத்திருவேன். அதான் வெள்ளையடிக்கவன்கிட்ட ஏணிய வாங்கி, உங்க மாவக் குழச்சு மாத்திட்டேன். தேதியும் பாத்துத்தான் எழுதுனேன். தப்பா எழுதிட்டனோ?"

"எத்தன தடவ?"

"மூணு தடவ" என்றார், பெருமையோடு.

விரிசல் முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இவர் ஒவ்வொரு முறையும் அதன் வாயைப் பொத்தியிருக்கிறார். நான் ஏணியில்லாமல் தொட்டேன் என்று எழுதியிருக்கிறேன். நாளைக்கு மீரான் சார் பயமில்லை என்று எழுதிக்கொடுத்துவிடுவார். ஆயிரம் பேர் வந்து அடியில் நிற்பார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். சொல்லாமல் விட்டால் கோபுரம் தப்பும், ஊர் கொண்டாடும், என் நோட்டும் சுத்தமாக இருக்கும். சொன்னால் கோபுரத்தின் மேல்பாதி போகும். தொம்மை மூஞ்சியில் முழிக்க முடியாது. உப்பளத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவித்திருந்த உப்பைப் பார்த்தாலும் அந்த நாலாம் எண் மாவாகத்தான் தெரிந்தது. அலுவலகம் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மீரான் சார் நோட்டை வாங்கி என் டிக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன்.

"ஏணி இல்லன்னு எழுதியிருந்தா நான் உங்களக் கோவிச்சிருப்பேனா?"

"மாட்டீங்க சார்."

"பெறகு ஏன் எழுதல நீங்க?"

பேனாவை என் பக்கம் தள்ளினார். "எழுதுனத அடிக்காதீங்க, கிழிக்காதீங்க. பக்கத்துல உண்மைய எழுதி இன்னைத் தேதி போடுங்க." எழுதினேன். அவர் படித்துவிட்டு நோட்டை மூடினார். பிறகு கேட்டார். "எப்ப எப்ப உடஞ்சுதுன்னு அந்த ஆளுகிட்ட கேட்டீரா?"

'கேட்டீரா' என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது. "கேக்கல சார்."

"போவும். அதத்தானவே மொதல்ல கேக்கணும். நாளைக்கு நானும் வாரேன்."

மறுநாள் சந்தியாகு சாமியார் முன்னால் ஒடுங்கி நின்றார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டிருந்தது. "உடஞ்ச துண்டுகள எங்க போட்டீரு?" என்று மீரான் சார் கேட்டதற்கு, "கோயில் பொருளக் குப்பையில போட மாட்டோம் சார்" என்று உள்ளே போனார். பழைய பீடத்துணியில் சுற்றி, போன வருஷக் குருத்தோலைகளோடு ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். மூன்று கண்ணாடியும், ஒவ்வொன்றும் இரண்டாக.

"எந்தத் தேதியில?"

"தேதி தெரியாது. ஆனா நாள் தெரியும். ஒண்ணு, ஈஸ்டர் பாஸ்கா திருநாளுக்கு மறுநாள் காலைல பாத்தேன். இன்னொண்ணு, மேற்றிராணியார், அதான் பிஷப், ஊருக்கு வந்தாவல்லா, அதுக்கு மறுநாள். மூணாவது, தொம்மை வள்ளம் மழையில மாட்டிக்கிட்டு மத்தியானமா கரைக்கு வந்துச்சே, அன்னைக்குச் சாயந்தரம்."

மீரான் சார் குடையை ஊன்றிக்கொண்டு குனிந்து கேட்டார். "அந்த மூணு நாளும் நீரு என்ன செஞ்சீரு?"

"நான் என்ன செஞ்சேன்... மணி அடிச்சேன். மத்த நாள் நாலு அடிதான். பாஸ்கா ராத்திரி விடாம அடிச்சேன். பிஷப் கார் வாரவரைக்கும் அடிச்சேன். வள்ளம் தெரியுறவரைக்கும் அடிச்சேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். தன் கைகளைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அளந்து போட்ட படத்தில், கோபுரத்தின் மேல்தட்டில் சுவருக்குள் செருகிய இரண்டு தேக்கு உத்தரம் இருக்கிறது. மணி தொங்குவது அதில்; மணி ஆடினால் உத்தரமும் ஆடிச் சுவரைத் தள்ளும். நான் நகல் எடுத்த பழைய துணிப்படத்தில் அந்த இடம் வெறுமை. சாரிடம் சொன்னேன். சாமியார் துணிப்படத்தை எடுத்துவந்து விரித்தார். உத்தரமும் இல்லை, மணியும் இல்லை.

"மணி முதல்ல மேல இல்ல" என்றார் சந்தியாகு. "எங்க பாட்டன் காலத்துல கோயிலுக்கு முன்னால மணல்லதான் நின்னுச்சு, நாலு பனந்தூண் நட்டு. பெறகு வந்த சாமியார் ஒருத்தர், 'இம்புட்டு பெரிய கோபுரம் சும்மாதான நிக்கி'ன்னு மேல ஏத்திட்டாரு."

"கைய விட்டவன் யாருன்னு தெரிஞ்சுபோச்சுவே" என்று மீரான் சார் என்னிடம் சொன்னார். ஆனால் தெரிந்ததாக அவர் எழுதிவிடவில்லை. நாலாம் எண்ணில் என் கையால் புதுக் கண்ணாடி பதிக்கச் சொன்னார். ஒரு மாதம் மணி அடிக்கக்கூடாது. பூசைக்குச் சந்தியாகு கைமணி ஆட்டிக்கொண்டு தெருவில் நடந்தார். வாரத்துக்கு இருமுறை போய்த் தொட்டேன். ஏழும் முழுசு.

மாதம் முடிந்த காலையில் மூவரும் கோபுரத்தில் ஏறினோம். சந்தியாகு கீழ்த்தட்டில் கயிற்றைப் பிடித்தார். நான் ஏணியில் நின்று நாலாம் எண்ணின்மேல் விரலை வைத்தேன். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஆட்டும்" என்றார்.

மேலே மணி புரண்டது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு அடிக்கும் சுவர் என் நெஞ்சோடு சேர்ந்து மிக மெதுவாக மூச்சுவிடுவதை உணர்ந்தேன். எத்தனையாவது அடி என்று சொல்லத் தெரியவில்லை. விரலுக்கு அடியில் 'டிக்' என்றது. மயிரிழை. டார்ச் அடித்தும் கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது.

"போதும்" என்று கத்தினேன். சந்தியாகு கயிற்றை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். "நானாய்யா?" என்றார். "இத்தன வருசமா நானா?"

"நீரு இல்லவே" என்றார் மீரான் சார். அவரும் சந்தியாகு பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "மாத்தி ஒட்டுனீரே, அது தப்பு. ஆனா துண்டையும் எடுத்து வச்சு, உடஞ்ச நாளையும் மனசுல வச்சீரு பாரும், அதுலதான் கோபுரம் நிக்கி."

அன்று மாலை சாமியார் பங்களாவில் ஊர்க்கூட்டம். மணியை இறக்கிவிட்டு, உத்தரம் செருகிய ஓட்டைகளைக் கல்லால் அடைத்து, விரிசலில் சுண்ணாம்புக் கலவை ஏற்றினால் கோபுரத்தை இடிக்கவேண்டாம் என்றார் சார். கூட்டத்தில் இரைச்சல் கிளம்பியது. "மணிய மணல்ல வச்சா சத்தம் கடலுக்குக் கேக்குமா? அன்னைக்கு வள்ளம் கரைக்கு வந்ததே மணிச் சத்தத்துலதான!" என்று ஒருவர் எழுந்தார்.

பின்வரிசையில் இருந்து தொம்மை சொன்னார்: "ஏலே, வள்ளத்துல இருந்தது நானா நீயா? மணி கேட்டுச்சு. ஆனா எந்தப் பக்கத்துல இருந்துன்னு எவனுக்குத் தெரிஞ்சுது? காத்து அத உருட்டி விளையாடிருச்சு. மழ கொஞ்சம் வெறிச்சு, கோபுரம் தலயக் காட்டுன பெறகுதான் நாங்க வள்ளத்தத் திருப்புனோம். சத்தத்தக் காத்து தூக்கிட்டுப் போயிரும். கோபுரத்தத் தூக்குமா? எறக்குங்க சார் மணிய."

அவ்வளவுதான். தோணியில் பாய்மரம் ஏற்றுகிற ஆட்கள் வந்து, கப்பியும் வடக்கயிறும் கட்டி ஒரு பகல் முழுதும் அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். மணி மணலைத் தொட்டதும் பெண்கள் குலவையிட்டார்கள். நாலு புதுப் பனந்தூண் நட்டார்கள். நான் மறுபடி ஏழு கண்ணாடி பதித்தேன். இந்த முறை ஏன் பதிக்கிறோம் என்பதைச் சந்தியாகுவிடம் முழுவதும் சொன்னேன். "உடஞ்சா தொடாதீய, ஓடிவந்து சொல்லுங்க." திருவிழாவரை அவர் ஓடிவரவில்லை. மீரான் சார் கையெழுத்துப் போட்டார். அடியில் என் பெயரையும் எழுதச் சொன்னார்.

திருவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். சப்பரம் கடற்கரைத் தெருவைச் சுற்றிவிட்டுக் கோயிலை நோக்கி வந்துகொண்டிருந்தது. கோபுரத்தின் அடியில் ஜனம், குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு. பனந்தூணில் தொங்கிய மணியைத் தொம்மைதான் அன்று அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் என் கழுத்து தானாக மேலே திரும்பியது. சிலுவை அசைகிறதா, பூச்சு உதிர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சப்பரம் எனக்கு முன்னால் வந்ததுகூடத் தெரியவில்லை.

சந்தியாகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"மாதாவப் பாருங்க அண்ணாச்சி. கோபுரத்த நான் பாத்துக்கிடுதேன்."